அடெலினோவுக்கு ஜேர்மன் மொழி விளங்கும்

செய்தி வந்தபோது நான் ஒரு பேருந்துச் சாரதியின் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் நான் கைபேசியை எடுப்பதில்லை. அது விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்ததால் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். மறுமுனையில் இனெஸ், அடெலினோவின் ஒரே மகள். "குரூஸ் அங்கிள், பப்பா விடியப் போயிட்டார்" என்றாள். கோடையில்தான் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். மரங்களில் இலை கொட்டி முடிவதற்குள் ஆளைக் கொண்டுபோய்விட்டது. எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் சாரதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போய், சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நின்று அழுதேன்.

திரும்ப எடுத்துப் பேசியபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். "பழைய கிளப்பிலயிருந்து ஆக்கள் வருவினம். தலைவரும் பேசப் போறாராம். திரும்பவும் அதைத்தான் சொல்லுவார், பப்பாவுக்கு டொச் விளங்கேல்லை எண்டு. அம்மாவால அதை இன்னொருக்காக் கேக்க ஏலாது அங்கிள்." டொச் என்று இங்கே நாங்கள் ஜேர்மன் மொழியைச் சொல்கிறோம். டோர்ட்மண்டில் வளர்ந்த அந்தப் பிள்ளை என்னுடன் பேசியது டொச்சில்தான். அடெலினோவும் நானும் பேசிக்கொண்டதும் அதில்தான். அவற்றையெல்லாம் இங்கே நம் பேச்சில் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தமிழ்க் கழகத்தின் மைதானத்தில் அவரைப் பார்த்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவர் 'போர்த்துக்கல் அண்ணை'. ஒரு காலத்தில் தொழில்முறைப் பந்துக் காப்பாளராக இருந்தவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழில் ஏன் அப்படி முடிந்தது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் பிழையாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

அவர் வந்து சேர்ந்த கழகத்தில் நான் உடற்சிகிச்சையாளராக இருந்தேன். நகரத்தின் பெரிய கழகம் அல்ல, ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த மூன்றாம் பிரிவுக் கழகம். வந்த முதல் நாளே என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று போர்த்துக்கீச மொழியில் பேசத் தொடங்கிவிட்டார். குரூஸ் என்ற பெயருள்ளவனுக்கு அந்த மொழி எப்படித் தெரியாமல் போகும் என்பது அவர் எண்ணம். மன்னார்க் கரையில் தடுக்கி விழுந்தால் ஒரு குரூஸின் மேல்தான் விழவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கு ஒரு சொல்லும் தெரியாது என்றேன். "பேரை எடுத்துப்போட்டு மொழியை விட்டிட்டீரோ?" என்றார், அப்போது கைவசம் இருந்த அரைகுறை டொச்சில். "நாங்கள் எடுக்கேல்லை. உங்கட ஆக்கள் கப்பல்ல வந்து தந்திட்டுப் போனவங்கள்" என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் உடைமாற்றும் அறையே திரும்பிப் பார்த்தது.

வட போர்த்துக்கலில் ஒரு மீன்பிடித் துறைமுக ஊர் அவருடையது. பதினாறு வயதில் கோல்வாசலில் நின்றவர், பிறகு பெரும்பாலும் கோல்வாசலுக்கு வெளியே இருந்துதான் காலத்தைக் கழித்தார். பந்துக் காப்பாளரின் தொழிலில் உள்ள கொடுமை அது. மற்ற எல்லா இடத்துக்கும் மாற்று ஆள் அடிக்கடி இறங்குவான். காப்பாளர் ஒருவர்தான். இரண்டாமவர் ஆட்டத்துக்கு முன் பந்தடித்துக் கொடுத்து முதலாமவரின் உடம்பைச் சூடாக்கிவிட்டு, போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒரு முறை நான் மேலங்கிகளைக் காட்டி, "அதை அந்த வாங்கில வையும்" என்று பழக்கதோஷத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். வாங்கு என்றால் என்ன என்று கேட்டார். உட்காரும் பலகை என்றேன். அதுவும் தங்கள் சொல்தான் என்றார். "பாரும் குரூஸ், ஒரு கண்டம் தள்ளியும் எனக்கு வாங்குதான் வந்து வாய்க்குது." முப்பது கடந்து ஜேர்மனிக்கு வந்தது இந்த வாங்கிலிருந்து எழும்புவதற்காகத்தான். எங்கள் கழகத்தில் எழும்பினார். முதலாம் காப்பாளராகவே நின்றார்.

அவரைப் புனிதராக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கவேண்டாம். மைதானத்தில் அவர் ஒரு பச்சைக் கள்ளர். வெல்லும் நிலையில் இருந்தால் பந்தை உதைக்க முன் ஆற அமரச் சப்பாத்துக் கயிறு கட்டுவார். யாராவது உரசினால் சுடப்பட்டவர் போல விழுவார். நான் மருந்துப் பையோடு ஓடுவேன். "மெல்ல வாரும், மெல்ல" என்று வாய்க்குள் சொல்லுவார். ஒரு ஆட்டத்தில் பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டியது. அவர் அதை வழித்தெடுத்து, ஒன்றும் நடக்காததுபோல முன்னால் எறிந்துவிட்டார். நடுவர் காணவில்லை. பிறகு விரல்களில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்தபோது, "பந்து கோட்டுக்கு உள்ளதானே?" என்று கேட்டேன். "உள்ளதான். நடுவர் காணேல்லை. காணுறது அவற்ற வேலை" என்றார். அதற்காக அவர் வருந்தியதாக எனக்குத் தெரியாது.

டொச் விஷயத்துக்கு வருகிறேன். மாலையில் நகராட்சி நடத்தும் மொழி வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்தோம். எனக்கு அது கடமை. அவருக்குக் கட்டாயம் ஒன்றும் இல்லை, ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர். எங்கள் கழகத்தில் கால்களால் பேசிச் சம்பளம் வாங்கிக்கொண்டு, நன்றி என்ற சொல்லோடு ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். இவர் ஒரு வகுப்பையும் விடமாட்டார். பயிற்சியில் அடிபட்டு வீங்கிய விரலால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, மேசை ஏன் ஆண்பால் என்று ஆசிரியையோடு சண்டை பிடிப்பார். தன் மொழியில் மேசை பெண் என்பது அவர் வாதம். ஏன் இப்படி உயிரை விடுகிறீர் என்று கேட்டேன். "பின்னால நிக்கிறவன் நான். எனக்கு முன்னால நிக்கிற பத்துப் பேருக்கும் கத்திச் சொல்ல வேணும். பிழையாச் சொன்னா கோல்" என்றார். கொஞ்ச நாளில் என்னைவிட நன்றாகப் பேசினார். மேல்நிலைப் பரீட்சையில் அவர் சித்தியடைந்தார், நான் இரண்டாம் தடவை எழுதினேன்.

இனி அந்த ஆட்டம். போர்த்துக்கலில் ஐரோப்பியக் கிண்ணம் நடந்த கோடைக்குச் சற்று முன்பு, பருவத்தின் கடைசி நாள். சமநிலையில் முடித்தால் பிரிவில் நீடிப்போம். தோற்றால் கீழே விழுவோம். கீழே விழுந்தால் கழகத்தில் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்பது மைதானத்தில் புல் வெட்டுபவர் வரை எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அப்போது ஜெசிந்தா, என் மனைவி, கொழும்பில் இருந்தாள். அவளை இங்கே எடுப்பதற்கான விண்ணப்பம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கிடந்தது. எனக்கு நிரந்தர வேலை இருப்பதாகக் கழகம் உறுதி சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் விண்ணப்பமே நகர்ந்துகொண்டிருந்தது.

ஆட்டம் முடியச் சற்று நேரம் இருக்கும்போது எதிரணியின் ஒரு உதை குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு நேரே கீழே விழுந்தது. அடெலினோ பின்புறமாகப் பாய்ந்து அதைக் கையால் வழித்து வெளியே எடுத்தார். எதிரணி கையைத் தூக்கிக்கொண்டு கத்தியது. கோட்டு நடுவர் சறுக்கி விழுந்திருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சுற்றி நின்றவர்களைக் கையால் விலக்கிக்கொண்டு அடெலினோவிடம் போனார். ஏதோ கேட்டார். வாங்கில் இருந்த எங்களுக்குச் சொல் கேட்கவில்லை. அடெலினோ அவரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி ஒரு சொல் சொன்னார். நடுவர் அவருடைய தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு மையத்தை நோக்கிக் கையை நீட்டினார். கோல். அதற்குப் பிறகு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தோற்றோம், விழுந்தோம்.

உடைமாற்றும் அறையில் ஒருவர் போத்தலைச் சுவரில் எறிந்தார். ஒருவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடெலினோவிடம் ஒருவரும் பேசவில்லை. வெளியே ஆதரவாளர்கள் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. அப்போதுதான் கழகத் தலைவர் ஹெர் டீக்மான் உள்ளே வந்தார். நல்ல மனிதர், பழைய சுரங்கக் குடும்பத்துப் பிள்ளை. அவர் அடெலினோவின் தோளில் கைவைத்து மெதுவாகச் சொன்னார்: "உமக்குக் கேள்வி விளங்கேல்லை. அப்பிடித்தான் பத்திரிகைக்காரருக்குச் சொல்லப்போறன். நீர் ஒண்டும் பேச வேண்டாம்." காப்பாற்றத்தான் சொன்னார். சனம் வீட்டுக் கண்ணாடியை உடைக்கும் என்று அவருக்குப் பயம். அடெலினோ கையுறையைக் கழற்றாமலே எழும்பினார். "எனக்கு விளங்கினது. பந்து உள்ளயோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொன்னனான்" என்றார். தலைவர் கேட்காததுபோல வெளியே போய், தான் சொல்ல நினைத்ததையே சொன்னார். மறுநாள் பத்திரிகை 'மொழிச் சிக்கல்' என்று எழுதியது. நகரமே அதைப் பிடித்துக்கொண்டது.

நான் அவரைச் சும்மா விடவில்லை. அடுத்த நாளே அவருடைய வீட்டுக்குப் போனேன். வாசல் கதவில் யாரோ முட்டை அடித்திருந்தார்கள், அவருடைய மனைவி லூர்தஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னாலேயே அடெலினோவைப் பார்த்துக் கத்தினேன். "மாசக்கணக்காக் கள்ள வேலை பாத்த மனுசன், அண்டைக்கு மட்டும் உமக்கு என்ன வந்தது? நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டிருந்தாப் போதுமே!" அடெலினோ நிதானமாகச் சொன்னார்: "கேக்காட்டி நான் சொல்லியிருக்க மாட்டன் குரூஸ். உடம்பால ஏமாத்துறது விளையாட்டு. ஒரு மனுசன் கிட்ட வந்து, முகத்தைப் பாத்துக் கேக்கேக்க அது விளையாட்டில்லை."

"அது உமக்குச் சரி" என்றேன். "உமக்குப் பாஸ்போர்ட் இருக்கு. உண்மையைச் சொல்லிப்போட்டு வீட்டை போகலாம். நாங்கள் இந்த நாட்டுக்குள்ள வரேக்க அதிகாரி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், எந்தப் பதில் சொன்னா உயிரோட இருக்க விடுவாங்கள் எண்டு பாத்துத்தான் பதில் சொன்னனாங்கள். உம்மட ஒரு சொல்லால என்ர மனிசி கொழும்பில நிக்கப்போறா. இது தெரியுமோ உமக்கு?" தெரியும் என்றார். நான் தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன். அன்று அவர் மீது எனக்கு வந்த ஆத்திரம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

வேலை போனது. விண்ணப்பம் நின்றது. ஜெசிந்தா வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியது. இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது. அயல் நகரத்துக் கழகம் ஒன்று பந்துக் காப்பாளரைத் தேடியது. அடெலினோவிடம் வாகனம் இல்லை, நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். ஆம், அதற்குள் பேசத் தொடங்கிவிட்டோம். கோபம் தீர்ந்து அல்ல. ஒரே மொழி வகுப்பு, ஒரே மேசை, எத்தனை நாளுக்குத்தான் முகத்தைத் திருப்புவது? அந்தக் கழகத்தின் முகாமையாளர் எல்லாம் பேசி முடித்து, பேனாவையும் எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டார்: "அது உண்மையில மொழிப் பிரச்சினைதானே?" அவர் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பு மட்டும்தான். நான் மேசைக்குக் கீழே அடெலினோவின் காலை மிதித்தேன். "இல்லை, எனக்கு விளங்கினது" என்றார். பேனா சட்டைப் பைக்குள் திரும்பிப் போனது. அறிவிக்கிறோம் என்றார்கள், அறிவிக்கவில்லை. அதன் பிறகு அவர் தொழில்முறையில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

திரும்பி வரும் வழியில் பெற்றோல் நிலையத்தில் நிறுத்திக் கோப்பி குடித்தோம். ஒரு சிரிப்பை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்றேன். "சனம் என்னில கோவிக்கட்டும். அது பரவாயில்லை. என்னைப் பாத்துப் பாவம் எண்டு சொல்லுறதுதான் எனக்கு ஏலாது" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். இனெஸின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளிடம், உன் அப்பா டொச் தெரியாத மடையனாமே என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து, "பப்பா, நீங்கள்தானே எனக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தாறனீங்கள்?" என்று கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். நம் கழகத்துக்கு அவரைக் கூட்டிவந்தது நான்தான். முதல் நாள் உங்களில் சிலர் அவரைத் தயக்கத்தோடு பார்த்ததும், ஒரு மணித்தியாலத்தில் அவருடைய உதையைப் பிடிக்க முடியாமல் உள்ளங்கை சிவந்து நின்றதும் நினைவிருக்கும். அந்த ஆட்டத்தின் கதை உங்கள் காதுக்கு வந்ததும் அவரைச் சீண்டத் தொடங்கினீர்கள். பயிற்சியில் பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் போதும், "அண்ணை, உள்ளயோ வெளியயோ?" என்பீர்கள். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "கேக்காதேங்கோ!" என்று கத்துவார். கேட்டால் சொல்லிவிடுவார் என்று தெரிந்துதான் உண்மையான ஆட்டங்களில் நீங்களும் கேட்கமாட்டீர்கள். கோடைச் சுற்றுப்போட்டிகளில் அதனால் நாம் தப்பிய கோல்கள் உண்டு. இப்போதாவது எதிரணிகள் நம்மை மன்னிக்கட்டும்.

கடைசி மாதம் மருத்துவமனையில் நான் பக்கத்தில் இருந்தபோது இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். பரிசோதனை முடிவை ஒவ்வொரு சொல்லாக, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவருக்கு விளங்குதோ?" என்று கேட்டார். அடெலினோ தலையணையில் இருந்து தலையைத் தூக்கினார். "விளங்குது டொக்டர். நான் சாகப்போறன் எண்டு சொல்லுறீங்கள். நல்ல டொச்சில சொல்லுறீங்கள், நன்றி." மருத்துவர் வெட்கப்பட்டுப் போனார். லூர்தஸ் யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து தேவாலய மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். நீங்கள் பலர் வந்திருந்தீர்கள், மண்டபத்தின் பின்பக்கம் கூட்டமாக நின்றீர்கள். முன்பக்கம் பழைய கழகத்து ஆட்கள். ஹெர் டீக்மான் எழும்பிப் பேசினார். நரைத்துப் போயிருந்தார். அடெலினோவை மனதாரப் புகழ்ந்தார். பிறகு, இனெஸ் பயந்ததுபோலவே, இரண்டு மொழிகளுக்கு இடையில் விழுந்துபோன ஒரு பந்தைப் பற்றிச் சொன்னார். பாவம், ஒரு சொல் விளங்காததால் இந்த நகரம் அவரைக் கோபித்தது, இன்று நாம் அதை மன்னித்துவிடுவோம் என்றார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "குரூஸ், நீர் அவரோட ஒரே வகுப்பில இருந்தனீர். உமக்குத்தான் தெரியும். அவருக்குக் கேள்வி விளங்கேல்லைத்தானே?"

வேலை போன பிறகு, ஜெசிந்தாவின் விண்ணப்பத்துக்காக என்னோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் வந்து, அதிகாரிக்கு முன்னால் எனக்காக உறுதி சொன்னவர் இந்த ஹெர் டீக்மான்தான். ஜெசிந்தா இன்று என் பக்கத்தில் நிற்பது அவர் தயவால். இறந்த வீட்டில், ஒரு வயதான மனிதர், அன்பாகக் கேட்கிறார். தலையை ஒரு தரம் ஆட்டினால் முடிந்தது. எனக்கோ அப்படி ஆட்டிப் பழகிய தலை. லூர்தஸ் கோப்பிக் கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அந்தக் கோலுக்கு என்னைவிட அதிக விலை கொடுத்தவள் அவள். "கேக்கிறாரெல்லே, சொல்லுங்கோவன்" என்றாள்.

"அவருக்கு நல்லா விளங்கினது, ஹெர் டீக்மான்" என்றேன். "என்னைவிட நல்லா டொச் படிச்சவர். கேள்வியை விளங்கிக்கொண்டுதான் ஓம் எண்டு சொன்னவர்."

அந்தக் கிழவரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். லூர்தஸ் போய் முதலில் அவருக்குத்தான் கோப்பி ஊற்றினார்.

அடெலினோ அன்று செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஜெசிந்தா காத்திருந்த மாதங்களை நான் மறக்கப்போவதில்லை, அவர் என் நண்பர் என்பதற்காக அதை அழிக்கவும் மாட்டேன். ஆனால் எனக்கு நல்லது செய்த ஒருவரின் கண்ணைப் பார்த்து, அவர் கேட்க விரும்பாத பதிலைச் சொல்லி முடித்தபோது என் முழங்கால் இரண்டும் நடுங்கின. நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு மைதானம் நிறையச் சனத்துக்கு நடுவே, பிடிக்க ஒரு நாற்காலியும் இல்லாமல் அவர் நின்றிருக்கிறார். அவரிடமிருந்து நான் எடுத்துவந்தது அந்த நடுக்கம் ஒன்றுதான். அது என்னோடு இருக்கட்டும்.